கடைசிப் படகும் ஃபேமிலி வரிசையும்

வளைகுடாக் கடலுக்குக் கோபம் வராது என்று நான் நம்பினேன். பந்தயம் கட்டுகிற அளவுக்கு நம்பினேன். நான் கடலூர்க்காரன். எங்கள் ஊருக்குப் புயல் என்பது பேர் வைத்துக்கொண்டு வரும். வந்தால் கூரையைப் பிரித்து உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் போகும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து துபாய் வந்து இந்தக் கடலை முதலில் பார்த்த அன்று, "இதையா கடல்னு சொல்றீங்க? அண்டாவுல ஊத்தி வச்ச தண்ணிப்பா இது" என்று ரூமில் இருந்த அத்தனை பேரிடமும் சொன்னேன். அந்தப் பேச்சை ரொம்ப வருஷம் மாற்றிக்கொள்ளவில்லை.

அடுத்த மாதம் எனக்கு விசா கேன்சல் ஆகிறது. ஊருக்குக் கிளம்புவதற்குள், நம் சுற்றுலாக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி மேனேஜர் கேட்டார். "பாடம் மாதிரி இருக்கணும், பாயிண்ட் பாயிண்ட்டா இருக்கணும்" என்றார். என்னிடம் பாயிண்ட் ஏதும் இல்லை. ஒரு தீவும், ஒரு காற்றும், ஒரு மதியமும் இருக்கின்றன. பஸ்ஸை எங்கே நிறுத்துவது, குடையை எப்படி நடுவது, தண்ணீர் பாட்டிலை யாருக்கு எப்போது நீட்டுவது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் உங்களுக்குத் தானே வந்துவிடும். நெருக்கடி வந்தால் நம் மூளை எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தர மாட்டார்கள். என் மூளை ஒளிந்துகொண்ட இடத்தை எழுதி வைக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். குளிர்காலத்தில் உல்லாசக் கப்பல்கள் வரும். கப்பல்காரர்கள் பயணிகளை இறக்கிவிடுவார்கள். நாம் சிரித்த முகத்தோடு வாங்கி, கொஞ்ச நேரம் வெயிலில் காயவைத்து, எண்ணிக்கை குறையாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். கேட்கச் சுலபமாக இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அபுதாபிக்கு மேற்கே ஒரு தீவு. கப்பல் கரைக்கு வர முடியாது. தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். கப்பலின் சிறு படகுகள் பயணிகளைக் கரைக்கும் கப்பலுக்கும் ஏற்றி இறக்கும். காலையில் கடல் கண்ணாடி. கரை முழுக்க நம் கம்பெனிக் குடைகள். பயணிகள் எண்ணெய் தடவிக்கொண்டு வரிசையாகப் படுத்திருந்தார்கள். கரைக்கு நான்தான் சூப்பர்வைசர். எனக்கு உதவி முருகேசன். அரியலூர்ப் பக்கம். குடை நடுவது, நாற்காலி விரிப்பது, என்னைக் கிண்டல் செய்வது என்று மூன்று டியூட்டி அவனுக்கு.

பன்னிரண்டு மணி வாக்கில் அவன் வந்து, "அண்ணே, குடையெல்லாம் தலைய ஆட்டுதுண்ணே" என்றான்.

"ஆட்டட்டும்டா. ஃபோட்டோவுக்கு நல்லாருக்கும்."

"ஷமால் வருதுன்னு அந்தப் படகுக்காரன் சொல்றான்ணே." ஷமால் என்பது வடமேற்கிலிருந்து வரும் காற்று. ஈராக்கில் புறப்பட்டு, வழியில் கிடைக்கும் மணலையெல்லாம் அள்ளிக்கொண்டு நம் வாயில் கொண்டுவந்து கொட்டும்.

"முருகேசா, நான் கடலூர்க்காரன்."

"சரிண்ணே. நீங்க காத்துகிட்ட இத சொல்லுங்க. நான் குடைய மடக்கறேன்."

அவன் மூன்றாவது குடையை மடக்குவதற்குள் நாலாவது குடை பறந்தது. அது போய் ஒரு ஜெர்மன் தாத்தாவின் சாப்பாட்டுத் தட்டில் இறங்கியது. அதற்கப்புறம் எதுவும் வரிசைப்படி நடக்கவில்லை. மணல் எழுந்தது. அண்டாத் தண்ணீர் பழுப்பாகி, வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டு படகு அணையும் ஜெட்டியில் வந்து மோதியது. படுத்திருந்த அத்தனை பேரும் எழுந்து என்னை நோக்கி வந்தார்கள். ஒரு அம்மாள், கப்பலில் கொடுத்த துண்டு பறந்துவிட்டது, அதற்குப் பணம் பிடிப்பார்களா என்றார். ஒருவர், மதியச் சாப்பாடு இங்கேயா அங்கேயா என்றார். இன்னொருவர் காற்றை நிறுத்த யாரிடம் பேச வேண்டும் என்கிற மாதிரியே என் பேட்ஜைப் படித்தார். நடுவில் ஆபீசிலிருந்து மேனேஜரின் வாட்ஸ்அப்: "ஆல் ஓகே? ஹேப்பி கெஸ்ட் ஃபோட்டோ ரெண்டு அனுப்பு." ஹேப்பி கெஸ்ட்! இருந்த ஒரே ஹேப்பி கெஸ்ட் ஜெர்மன் தாத்தாதான். குடையைத் தள்ளிவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எல்லோருக்கும் நான் ஒரே பதில் சொன்னேன். "டென் மினிட்ஸ்." உங்களுக்கும் இந்த நோய் தொற்றியிருக்கும். இந்த ஊரில் பத்து நிமிஷம் என்றால் எனக்குத் தெரியாது, என்னைக் கேட்காதே, ஆனால் கோபப்படாதே என்று அர்த்தம். பிளம்பர் பத்து நிமிஷம் என்பான், விசா கொடுத்த முதலாளியான கஃபீல் பத்து நிமிஷம் என்பார், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்த பிஆர்ஓ பத்து நிமிஷம் என்பான். நாம் யாரும் கடிகாரத்தைப் பார்க்க மாட்டோம். ஆனால் சுற்றுலாப் பயணி பார்ப்பான். பத்து நிமிஷம் முடிந்ததும் சரியாக வந்து நிற்பான்.

கப்பலில் கரைப் பயணங்களுக்குப் பொறுப்பான ஆபீசர் ஒரு கோவாக்கார மேடம். வாக்கி டாக்கியில்தான் பழக்கம். பாதி ஹிந்தி, பாதி இங்கிலீஷ். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன். திட்டியதைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன்.

"பாய், கேள். கேப்டன் இன்னும் ரெண்டு நடைதான் படகு விடுவார். அப்புறம் நங்கூரம் எடுத்துடுவோம். இந்தக் காத்துல இங்க நிக்க முடியாது."

"மேடம், இங்க மூணு நாலு நடைக்கு ஆள் இருக்கு!"

"மிச்சப் பேரைத் தீவோட பின்பக்கம் கூட்டிட்டுப் போ. அங்க காத்து படாது, ஃபெர்ரி ஓடுது. அக்கரையில பஸ் நிக்கும். அபுதாபி துறைமுகத்துக்கு வந்துடு. கப்பலும் அங்கதான் வருது."

"யாரைப் படகுல ஏத்தறது, யாரை பஸ்ல ஏத்தறது?"

"அத நீ முடிவு பண்ணு. கரையில நீதான் கேப்டன். கலாஸ், பேச்சு முடிஞ்சது."

கேப்டன் என்று சொல்லிவிட்டாரே! நெஞ்சு ஒரு அங்குலம் விரிந்தது. வயிறு இரண்டு அங்குலம் உள்ளே போனது. பஸ் விஷயத்தை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் கலவரம் ஆகும் என்று பயம். எனவே கரையில் இருந்த எல்லோருக்கும், படகில் இடம் கிடைக்காவிட்டால் தீவிலேயே கிடக்க வேண்டியதுதான் என்று தோன்றிவிட்டது. பயத்தை அடக்குகிறேன் பேர்வழி என்று பெட்ரோல் ஊற்றினேன்.

அந்தக் கூட்டத்தைப் பார்த்தபோதுதான் என் மூளை கழன்று கொண்டது. அது போய் ஒளிந்த இடம் எது தெரியுமா? ஃபேமிலி, பேச்சிலர்.

இந்த ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே கற்றிருப்பீர்கள், இங்கே மனிதர்களில் இரண்டு ஜாதிதான். ஹோட்டலில் மாடி ஃபேமிலிக்கு, கீழே பேச்சிலர். வீடு வாடகைக்கு என்றால் ஃபேமிலி ஒன்லி. வெள்ளிக்கிழமை பார்க் வாசலில் செக்யூரிட்டி கையை நீட்டி, "மாஃபி பேச்சிலர்" என்பான், பேச்சிலருக்கு இடமில்லை என்று. ஊரில் பெண்டாட்டி, பிள்ளை, பேரன், சம்பந்தி என்று ஒரு பஸ் நிறைய இருந்தாலும் இங்கே தனியாக இருக்கிறவன் பேச்சிலர். என் மகள் கல்யாணத்துக்கு லீவில் போய் மாமனாராகித் திரும்பி வந்த அன்றும் நான் பேச்சிலர்தான். இத்தனை வருஷம் யாரைப் பார்த்தாலும், கூட யார் நிற்கிறார்கள் என்று பார்த்து வரிசையில் தள்ளியே பழகிய கண் இது. அந்தக் கண் நான் கேட்காமலேயே வேலையை எடுத்துக்கொண்டது. ஜெட்டியில் ஏறி நின்று கத்தினேன்: "ஃபேமிலி ஃபர்ஸ்ட்! ஃபேமிலி இந்தப் பக்கம்! மத்தவங்க அந்தப் பக்கம்!"

அடடா, என்ன கம்பீரம்! கூட்டம் சட்டென்று இரண்டாகப் பிரிந்தது. குழந்தைகளை இடுப்பில் வைத்திருந்தவர்கள் வலப்பக்கம் வந்தார்கள். ஒரு அப்பா என் முதுகில் தட்டி, "குட் மேன்" என்றார். எனக்குக் கண் கலங்கியது. மணல் விழுந்ததால் இருக்கலாம்.

முதல் படகு போனது. ஜெட்டியில் ஏறும்போதே அது ஊஞ்சல் மாதிரி மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. கைக்குழந்தைகளை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குத் தாண்டித் தாண்டிக் கொடுத்தோம். ஏசி பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போக வேண்டிய பிஞ்சுகளை ஆடுகிற படகில் ஏற்றிவிட்டு, படகில் குதித்து ஏறக்கூடிய தடியன்களுக்கு பஸ்ஸை ஒதுக்கிவைக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நான் கேப்டன் அல்லவா.

இரண்டாவது படகு வந்தபோது ஒரு ஜோடி முன்னால் வந்தது. முப்பது வயது இருக்கும். தமிழ் முகம். என் பேட்ஜில் பேரைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் தமிழிலேயே பேசினார், கோயமுத்தூர் தமிழ்.

"ஏனுங்க, நாங்க இதுல கண்டிப்பா போயாகோணுங்க."

"ஃபேமிலி மட்டும்தாங்க மேடம். நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க."

"நாங்களும் ஃபேமிலிதானுங்க."

"குழந்தை இருக்கற ஃபேமிலி மேடம்!"

"இருக்குதுங்க, எங்க பாப்பா..."

"கையில இருக்கற குழந்தை மேடம்! கையில! பின்னாடி எல்லாரும் நிக்கறாங்கல்ல? டென் மினிட்ஸ்ல அடுத்தது வருது." அடுத்தது என்று ஒன்று கிடையாது என்பது எனக்குத் தெரியும். அவருடைய கணவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். என் கை, பார்க் வாசல் செக்யூரிட்டியின் கையைப் போலவே, தானாக நீண்டு அவர் மார்புக்கு நேரே நின்றது. படகு நிறைந்தது. கிளம்பியது.

அது கொஞ்ச தூரம் போனதும் என் கழுத்து இறுகியது. அந்தப் பெண் என் பேட்ஜ் கயிற்றைப் பிடித்திருந்தார்.

"பாப்பா கப்பல்ல இருக்குதுங்க," என்றார். "நாலு வயசு. குழந்தைகளைப் பாத்துக்கற ரூம்ல விட்டுப்போட்டு வந்தோம். ரெண்டு மணி நேரத்துல வந்துடலாம்னு. கப்பல் கிளம்புதுன்னு அந்தப் படகுக்காரங்க பேசிக்கறாங்க. நிசமா?"

தம்பிகளா, தங்கச்சிகளா, யோசித்துப் பாருங்கள். அந்தக் கரையில் இருந்த அத்தனை பேரிலும் அந்தப் படகில் போயே ஆக வேண்டியவர்கள் இரண்டே பேர். மற்ற ஃபேமிலிகள் எல்லாம் முழு ஃபேமிலி. கரையில் இருந்தாலும் பஸ்ஸில் போனாலும் ஒன்றாக இருப்பார்கள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் பாதியாகப் பிரிந்து நின்ற ஒரே ஃபேமிலியை நான் பேச்சிலர் வரிசையில் தள்ளியிருந்தேன்.

இதற்குப் பிறகு நான் செய்தவற்றை எந்தப் பயிற்சி வகுப்பிலும் செய்து காட்டாதீர்கள். முதலில் படகைப் பார்த்துக் கை தட்டிக் கூப்பிட்டேன், டவுன் பஸ்ஸைக் கூப்பிடுகிற மாதிரி. பிறகு வாக்கி டாக்கியை எடுத்தேன்.

"மேடம், படகைத் திருப்புங்க! மெடிக்கல் எமர்ஜென்சி!"

"என்ன ஆச்சு? யாருக்கு?"

எனக்கு அதற்குமேல் கதை வரவில்லை. "எனக்குத்தான் மேடம்" என்றேன்.

"பாய், படகு திரும்பாது. கப்பல்கிட்ட வர்றதுக்கே அது படாத பாடு படுது. ஒழுங்கா என்னன்னு சொல்லு."

நான் சொல்வதற்குள் இந்தப் பக்கம் வேறு காரியம் நடந்தது. அந்தப் பெண்ணின் கணவர் பிரபு, கயாக் என்னும் துடுப்புப் படகுகளை வாடகைக்கு விடும் இடத்திலிருந்து ஒரு ரப்பர் படகை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். பின்னால் மிக்ஸி சைஸில் ஒரு மோட்டார். ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறவர். வாழ்க்கையில் அன்றுதான் படகைத் தொட்டிருப்பார். "காயத்ரி, ஏறு" என்றார். அவர் மனைவி ஏறுவதற்குப் புடவைத் தலைப்பு மாதிரி லைஃப் ஜாக்கெட்டை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார்.

நான் தடுத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், படகைத் தண்ணீரில் தள்ளக் குனிந்தேன். அவர்கள் போய்விட்டால் என் பிரச்சினை போய்விடும் என்று உள்ளே ஏதோ ஒரு அற்பப் பயல் சொன்னான். அவன் பேச்சை நான் கேட்டேன். பயந்தவனுக்குத் தன் கண்ணெதிரில் இருக்கிற ஆள் அங்கிருந்து நகர்ந்தால் போதும். அவர் எங்கே போகிறார் என்பது இரண்டாம் பட்சம்.

முருகேசன் முந்திக்கொண்டான். ரப்பர் படகில் ஏறி நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"டேய், இறங்குடா!"

"மாட்டண்ணே. எனக்கு நீச்சல் தெரியாது. தள்ளறதுன்னா என்னையும் சேத்துத் தள்ளுங்க. அப்புறம் எங்க வீட்டுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லிடுங்க."

"இறங்குங்க பிரதர், ப்ளீஸ்" என்று பிரபு அவன் கையைப் பிடித்து இழுத்தார். முருகேசன் இரண்டு பக்கக் கயிற்றையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். தரையில் நிற்கும் படகிலேயே அவனுக்குத் தலை சுற்றுகிறது என்று முகத்தில் தெரிந்தது.

அந்த இழுபறியில்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன். இந்த முறை கதை கட்டவில்லை. நான் ஃபேமிலி என்று கத்தியது, அந்தப் பெண் சொல்ல வந்ததைச் சொல்ல விடாதது, ரப்பர் படகு, எல்லாம். அவர் திட்டுவார் என்று காதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன். திட்டவில்லை. "இருபது வருஷமா கடல்ல இருக்கேன். புள்ளைங்க கப்பல்ல, அப்பா அம்மா கரையிலன்னா என்ன செய்யணும்னு எங்களுக்குத் தெரியும். நீ முதல்லயே உண்மையச் சொல்லியிருந்தா நான் முதல்லயே இதைச் செஞ்சிருப்பேன். இரு, குழந்தையைக் கூட்டிட்டு வரேன். அந்தம்மாகிட்ட வாக்கிய குடு. அதுவரைக்கும் யாரையும் தண்ணில இறங்க விடாத. உன் வேலை இப்ப அது ஒண்ணுதான்."

காயத்ரி வாக்கி டாக்கியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு காதில் வைத்தார். காற்றில் எனக்கும் கேட்கும்படி சத்தமாகவே வந்தது குரல்.

"மம்மி?"

"தியா! தியாக்குட்டி! அம்மா இங்கதான் இருக்கேன்டா! பயப்படாத! அழுவாத!"

"மம்மி, டோன்ட் ஷவுட். ஐ ஆம் பெயிண்டிங்."

அவ்வளவுதான் பேசினாள். காயத்ரி மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பிரபு ரப்பர் படகிலிருந்து கையை எடுத்தார். முருகேசன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

சிறிது நேரம் கழித்து எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு காயத்ரி என்னிடம் கேட்டார். "ஏனுங்க, நான் எப்பப் பாப்பாவப் பாப்பேன்? சத்தியமாச் சொல்லுங்க."

என் நாக்கு நுனியில் டென் மினிட்ஸ் வந்துவிட்டது. பல்லால் பிடித்தேன். "தெரியாதுங்க," என்றேன். "கப்பல் அபுதாபிக்கு வருது. நாம பஸ்ல போறோம். கப்பல் எப்ப உள்ள வரும்னு எனக்குத் தெரியாது. உங்க பொண்ண நீங்க வாங்கற வரைக்கும் நான் உங்ககூடவே இருக்கேன். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

அவர் வாக்கி டாக்கியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் உங்க கழுத்தப் புடிச்சிருக்க மாட்டேனுங்க" என்றார்.

பிறகு நான் ஜெட்டியில் மறுபடி ஏறி நின்று, மிச்சமிருந்தவர்களிடம் பஸ் விஷயத்தைச் சொன்னேன். கலவரம் ஆகும் என்று பயந்தேனே, ஒன்றும் ஆகவில்லை. "பஸ் இருக்கா? அத ஏன் சொல்லல?" என்று கேட்டுவிட்டுப் பைகளை எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மன் தாத்தா, பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார்.

நீங்கள் எப்போதாவது இப்படி மாட்டிக்கொண்டால் வரிசை பிரிக்காதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உங்க ஆள் யாராவது கப்பல்ல இருக்காங்களா? யாராவது பதில் சொல்லத் தொடங்கினால், தயவுசெய்து, சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். நான் இத்தனை எழுதியதும் இதற்காகத்தான். மேனேஜர் பாயிண்ட் கேட்டாரே, இதை வேண்டுமானால் போட்டுக்கொள்ளட்டும்.

அப்புறம் நடந்தது இதுதான். பஸ் பொழுது சாய்வதற்குள் துறைமுகம் சேர்ந்துவிட்டது. காற்றினால் துறைமுகத்தை மூடிவிட்டார்கள்; கப்பல் இரவு முழுக்க வெளியே ஆடிக்கொண்டு கிடந்தது. நான் பத்திரமாகப் படகில் ஏற்றிய ஃபேமிலிகள் விடிய விடிய வாந்தி எடுத்தார்கள். என் முதுகில் தட்டிய அப்பா, கைக்குழந்தையோடு இருப்பவர்களைப் படகில் ஏற்றியது எந்த முட்டாள் என்று கேட்டுப் புகார் எழுதினார். பஸ்ஸில் வந்தவர்கள் ஹோட்டலுக்குப் போய்த் தூங்கினார்கள். காயத்ரியும் பிரபுவும் போகவில்லை. துறைமுக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் நான்.

காலையில் காற்று அடங்கிக் கப்பல் உள்ளே வந்தது. தியாவும் இரவெல்லாம் வாந்தி எடுத்திருந்தாள். கோவாக்கார மேடம் தன் கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஏணி இறக்கியதும் வேறு யாரையும் விடாமல், தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முதலில் அவர்தான் இறங்கினார். காயத்ரியின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி ஏறிப் போனார். அந்தப் பயணத்தில் இன்னும் இரண்டு துறைமுகங்கள் பாக்கி இருந்தன. அவர்கள் மூவரும் டாக்சி பிடித்து, தங்கள் வீடு இருக்கிற ஷார்ஜாவுக்குப் போய்விட்டார்கள். பெட்டிகளை எடுக்கக்கூட மறுபடி கப்பலில் ஏறவில்லை.